நூர் முகமதுவுக்கு நொட்டாங்கைப் பக்கம்

ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரடியூர் போகிற ரோட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு கடை இருக்கிறது. உப்பு, கயிறு, லாந்தர் கண்ணாடி, மண்வெட்டிக் காம்பு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு வர்க்கி பிஸ்கட். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஏன் என்று கேட்டால், "நான் இருக்கறப்ப பலகை எதுக்குங்க?" என்பார் நூர் முகமது. மேகம் இறங்கி எதிரே நிற்கிற பஸ் தெரியாத நாளில்கூட நூர் முகமது இருப்பது தெரியும். குரல் அப்படி.

அவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அதில் பாதி வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிடுகிற நமக்கே அவ்வப்போது ரோசம் வருகிறது. உப்பு மூட்டை மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பற்றிக் கேட்க வேண்டுமா? ஒரு தடவை அவசரத்தில் அவரை நலம் விசாரிக்காமல் கயிறு கேட்டுவிட்டேன். கயிறு இல்லை என்றார். கயிறு அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி பரிதா பின்பக்கக் கதவு வழியாக எனக்குக் கயிற்றை விற்று, "மனசுல வெச்சுக்காதீங்க ரைட்டரு, அவருக்கு மூக்கு நுனியில கோவம்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்.

ரைட்டர் என்றால் நான்தான், மரியதாஸ். கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறேன். மனு, மகஜர் என்று எது எழுத வேண்டுமென்றாலும் சுற்றுப்பட்டு ஜனங்கள் என்னிடம்தான் வருவார்கள். பந்திமேட்டு விவகாரத்தில் நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

கரடியூருக்கு மேலே, காப்பித் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு புல்வெளி இருக்கிறது. மரம் கிடையாது, பாறை கிடையாது, கோயிலும் கிடையாது. நாலா பக்கமும் மலை சரிந்து இறங்க, இது மட்டும் தோசைக்கல் மாதிரி சமமாகக் கிடக்கும். அதற்குப் பந்திமேடு என்று பெயர். தை மாதம் சாமை அறுத்து முடித்ததும் ஒரு நாள் கரடியூர், வாழவந்தி, கொட்டச்சேட்டு விவசாயிகள் குடும்பம் குடும்பமாக அங்கே கூடி, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. சாமி கும்பிடுவதெல்லாம் காலையிலேயே அவரவர் ஊரில் முடிந்துவிடும். மேட்டில் சாப்பாடு மட்டும்தான். எனக்குத் தெரிந்து நோக்கம் இவ்வளவு தெளிவாக இருக்கிற திருவிழா வேறு கிடையாது.

அங்கே அவரவருக்கு ஓர் இடம் உண்டு. அப்பன் உட்கார்ந்த இடத்தில் மகன். ஆனால் தரையில் ஓர் அடையாளமும் இருக்காது. மேட்டில் கல் நடக்கூடாது, கம்பு ஊன்றக்கூடாது என்பது கட்டுப்பாடு. உன் இடம் எது என்று கேட்டால், "இன்னாருக்கு நொட்டாங்கைப் பக்கம்" என்பார்கள். இடது பக்கத்துக்கு இங்கே அப்படித்தான் பேச்சு. வலது பக்கம் சோத்தாங்கைப் பக்கம். யாராவது வர முடியாமல் போனால் வீட்டிலிருந்து அவர் துண்டை வாங்கி வந்து அவர் இடத்தில் விரித்து, இலை போட்டு, சோறும் போடுவார்கள். இல்லாவிட்டால் அவருக்கு நொட்டாங்கைப் பக்கத்துக்காரர் எங்கே உட்காருவார்? வாழவந்தி மாரியப்பன் கோயமுத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போன வருஷம் அவர் துண்டு மறுசோறு வாங்கியது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த வரிசை எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டுமில்லையா? அது நூர் முகமதுவிடம் ஆரம்பித்தது. அவருடைய பாட்டனார் சேலத்திலிருந்து மாட்டின் முதுகில் உப்புப் பொதியை ஏற்றிக் காட்டுப் பாதையில் மலையேறி வந்தவர். இலையில் முதலில் விழுவது உப்பு. உப்பு விழாமல் சோறு எடுக்கக்கூடாது. ஆகவே உப்புக்காரர் முதலில் உட்கார்ந்தார், மற்றவர்கள் அவருக்கு நொட்டாங்கைப் பக்கமாக உட்கார்ந்துகொண்டே போனார்கள். பாட்டனாருக்குப் பிறகு அப்பா அப்துல் ரஹீம், அவருக்குப் பிறகு நூர் முகமது. அன்றைக்கு மட்டும் உப்பு விற்பனைக்கு அல்ல. வருஷம் முழுக்க "கடைக்காரரே" என்று கூப்பிடுகிற வாயெல்லாம் அன்றைக்கு "மொத எலைக்காரரே" என்று கூப்பிடும். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் மனிதர் மற்ற நாளெல்லாம் கடை திறந்தார் என்பேன்.

அவருக்கு அடுத்த இலை கரடியூர் குழந்தைவேலுடையது. காப்பியும் ஆரஞ்சும் போடுகிற மனிதர், அபார நிதானஸ்தர். அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றால், பஸ் முதலில் வரும், பதில் பிறகு வரும். பந்தியில் இவர் பேசமாட்டார், அவர் நிறுத்தமாட்டார். இருவருக்கும் நன்றாகப் பொருந்திப் போயிற்று.

எண்பத்தாறாம் வருஷம் தேவசிகாமணி வந்து சேர்ந்தார். மலையில் பார்க்கத் தக்க இடங்களையெல்லாம் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது என்று ஒரு திட்டக் குழு போட்டிருந்தார்கள். அதன் அலுவலர். ஒல்லியான மனிதர், மலைக்கு வந்த முதல் நாளே ஜலதோஷம் பிடித்துக் கடைசி நாள் வரை விடவில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலே வரை ரோடு, வண்டி நிறுத்த இடம், சிமெண்டு பெஞ்சு, கம்பி வேலி என்று எழுதிக்கொண்டு வந்தவர், உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் ஒரு கடப்பாரைகூட இறங்காது என்றார். அப்படிச் சொன்ன அதிகாரியை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அவரைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருந்தது.

எல்லாரையும் மேட்டுக்கு வரச் சொன்னார். விரிந்த வரைபடத்தின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறு முனையைக் காற்று பிடித்துக்கொண்டது.

"உங்க பழக்கத்துக்கு இடைஞ்சல் வராமல் பாதை போடணும். யார் யார் எங்கே உட்காருவீங்கன்னு காட்டுங்க, குறித்துக்கொள்கிறேன்" என்றார்.

முனியப்பன் முன்னால் வந்தார். "எனக்கு மாரியப்பனுக்கு நொட்டாங்கைப் பக்கமுங்க."

"சரி. மாரியப்பன் எங்கே?"

"பாவாயி அக்காவுக்கு நொட்டாங்கைப் பக்கமுங்க."

பாவாயி வாழவந்திக்காரி. பந்திச் சமையல் மொத்தமும் அவள் பொறுப்பு. ஆண்டுக்கு ஒரு நாள் மூன்று ஊரையும் அதட்டிப் பழகியதில், மிச்ச நாளும் அப்படியே பேசுவாள். "என்ற எடமா? நான் என்ன மொளைக்குச்சியா அடிச்சு வெச்சிருக்கறேன்? பக்கத்து ஆளு உக்காந்தா எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

தேவசிகாமணி மூக்கைச் சிந்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். எல்லாரும் பக்கத்து ஆளைக் காட்டினார்களே தவிர தரையைக் காட்டவில்லை. கடைசியில் குழந்தைவேல் வந்து நின்றார். அவர் யோசித்து முடிக்கும்வரை மேகம் ஒன்று வந்து எங்களை நனைத்துவிட்டுப் போயிற்று. "பாய்க்கு நொட்டாங்கைப் பக்கமுங்க" என்றார்.

"பாய் யாரு? அவராவது தரையில் காட்டுவாரா?"

நூர் முகமது கம்பீரமாக நடந்து போய் ஓர் இடத்தில் உட்கார்ந்தார். "இதானுங்க என்ற எடம்."

தேவசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். "பேரு நூர் முகமது. என்ன பண்றீங்க?"

"ஏற்காட்டுல கடைங்க."

புள்ளிக்குப் பக்கத்தில் 'கடை' என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை, நூர் முகமதுவுக்கே தெரியவில்லை.

ஒழுங்கான மனிதர்களால் வருகிற தொல்லை தனி. தேவசிகாமணி யோசித்து யோசித்து நல்லதாகவே செய்தார். மேட்டில் எதுவும் கட்டக்கூடாது என்று பெஞ்சையும் வேலியையும் பட்டியலிலிருந்து அடித்தார். வண்டி நிறுத்தத்தை மேட்டுக்குக் கீழே இறக்கினார். புல்வெளி முழுவதற்கும் பச்சை பூசி, 'பந்தி நடக்கும் இடம், வியாபாரம் கூடாது' என்று எழுதினார். வியாபாரம் கூடாத இடத்தில் ஒரு கடை இருக்கலாமா? புள்ளியைக் கீழே கொண்டுபோய் வண்டி நிறுத்தத்தின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

வரைபடத்தைப் பஞ்சாயத்து ஆபீசில் மாட்டியபோது கூட்டம் அலைமோதியது. பச்சையைப் பார்த்து எல்லாருக்கும் திருப்தி. நூர் முகமது கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"ரைட்டரே, இது என்ன எழுதியிருக்குது?"

"கடை."

"யாரு கடை?"

"உங்க கடைதான் பாய். வண்டி நிக்கற எடத்துலயே குடுத்திருக்காரு. சோடா, வர்க்கி, எல்லாம் பறந்துரும்" என்று நான் வாழ்த்துச் சொன்னேன். உடனே எங்கள் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

நான் மட்டுமா வாழ்த்தினேன்? முனியப்பன் வாழ்த்தினார். பாவாயி, "பாய்க்கு யோகந்தான்" என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே குழந்தைவேல், ஆபீஸ் வாசலில் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நல்ல எடமுங்க" என்றார். அது கத்தி மாதிரி இறங்கியது நூர் முகமதுவுக்கு.

வீட்டுக்குப் போனவர் சாப்பிடவில்லையாம். அவர் புலம்பியதைப் பரிதாதான் பிறகு சொன்னார். "எங்க பாட்டன் காலத்துலருந்து பக்கத்துல உக்காந்து தின்னவனுக, எனக்குக் கீழ கடை கெடச்சுதேன்னு சந்தோசப்படறானுக பரிதா. அப்ப இத்தன வருசமும் என்னைய என்னன்னு நெனச்சுப் பக்கத்துல உக்காந்தானுக? உப்பு மூட்டைன்னா?"

"அப்படியெல்லாம் இருக்காதுங்க. போயி அந்த ஆபீசருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் போயி, ஐயா நான் கடையில்லீங்கன்னு கெஞ்சணுமா? பக்கத்துல உக்காந்தவனுக்குத் தெரியாததா?"

"அப்ப இந்த வருசம் பந்திக்குப் போகாதீங்க."

"போகலீன்னா துண்டக் கேட்டு ஊட்டுக்கு ஆளு வரும். நீயும் நல்ல துண்டாப் பாத்துக் குடுத்தனுப்புவ."

பரிதா மறுக்கவில்லை. நல்ல துண்டுதான் கொடுத்திருப்பேன் என்று என்னிடமும் சொன்னார்.

அதிலிருந்து பந்தி நாள் வரை நூர் முகமது குழந்தைவேலிடம் பேசவில்லை. குழந்தைவேல் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்தான் எப்போதுமே பேசமாட்டாரே!

பந்தி நாளன்றே பாதையையும் திறந்து வைத்துவிடலாம் என்று தேவசிகாமணிக்கு யோசனை தோன்றியது. பொதுமக்களும் பண்பாடும் ஒரே இடத்தில் கைகுலுக்குவது போல இருக்குமாம். சென்னையிலிருந்து மேலதிகாரி ஒருவர் வருவதாக ஏற்பாடு. வண்டி நிறுத்தத்தில் செம்மண் கொட்டிச் சமன்படுத்தி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு சதுரம், அதுதான் கடை. மாலையும் எலுமிச்சம்பழமும் கையில் கொடுத்து, மேலதிகாரியை வரவேற்க என்னை அங்கே நிறுத்தியிருந்தார் தேவசிகாமணி. பாவாயியும் அவள் படையும் வழக்கம்போல மேட்டோரத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். குழம்பு வாசம் கீழே வரை வந்து என்னை வதைத்தது.

முதலில் வந்தது நூர் முகமது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி, தோளில் உப்பு மூட்டை. என்னைப் பார்க்காதவர் மாதிரி என்னைத் தாண்டிப் போனார். மேட்டுக்கு ஏறுவார் என்று நினைத்தேன். சுண்ணாம்புச் சதுரத்துக்குப் போய், மூட்டையைத் தொப்பென்று இறக்கி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், என்ன இது?" என்றேன்.

"கவருமெண்டு குடுத்த எடத்துல உக்காந்திருக்கறேன். தப்பா?" என்று மலையைப் பார்த்துச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கொஞ்ச நேரத்தில் குழந்தைவேல் குடும்பத்தோடு வந்தார். நூர் முகமதுவைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க பாய், இங்கயா?"

"இங்கதான். கடைன்னு எழுதிட்டாங்கல்ல? நீங்க மேல போங்க. பச்சையெல்லாம் உங்களுக்குத்தான்."

குழந்தைவேல் மேலே மேட்டைப் பார்த்தார். கீழே சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். மறுபடி மேட்டைப் பார்த்தார். அவர் மனைவி முத்தாயி பொறுமையிழந்து, கையிலிருந்த சொம்பை இடுப்புக்கு மாற்றினாள். பிறகு குழந்தைவேல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நூர் முகமதுவுக்கு நொட்டாங்கைப் பக்கம் செம்மண்ணில் உட்கார்ந்தார். முத்தாயியும் பிள்ளைகளும் அவருக்கு அடுத்து.

நூர் முகமது திடுக்கிட்டுப் போனார். "நீங்க எதுக்குங்க இங்க உக்காருறீங்க? உங்க எடம் மேல."

"என்ற எடம் உங்களுக்கு நொட்டாங்கைப் பக்கம்" என்றார் குழந்தைவேல். "எங்கப்பன் எனக்குக் காட்டுனது அதுதானுங்க. மேட்டையா காட்டுனாரு?"

ஆயுளில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

அடுத்து ஒரு குடும்பம் வந்தது, குழந்தைவேலைத் தேடி உட்கார்ந்தது. அதற்கடுத்து இன்னொன்று. யாரும் மேட்டை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவரவர் பக்கத்து ஆளை மட்டும் பார்த்தார்கள். பக்கத்து ஆள் உட்கார்ந்திருந்தார், இவர்களும் உட்கார்ந்தார்கள். வண்டி நிறுத்தம் நிரம்பி, வரிசை புதுப் பாதையில் இறங்கி, வளைவில் திரும்பி, காப்பிச் செடிகளுக்கு நடுவே கண்ணுக்கு மறைந்தது. மேலேயிருந்து பாவாயியின் குரல் இடி மாதிரி இறங்கியது.

"எங்க போய்த் தொலஞ்சீங்க எல்லாரும்? சோறு ஆறுது!"

"கீழ உக்காந்துட்டோமுங்க அக்கா!"

"கீழயா? இந்த அண்டாவ எவன் தூக்கியாறது? அறிவிருக்குதா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே இறங்கி வந்தவள், தனக்குச் சோத்தாங்கைப் பக்கத்து ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் பேச்சை நிறுத்தாமலே அவருக்குப் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்தது அவளுக்குத் தெரிந்தது. அதற்கும் சேர்த்து எங்களைத் திட்டினாள்.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரியின் ஜீப் வளைவில் வந்து நின்று ஆரன் அடித்தது. வரிசையின் வால் நடு ரோட்டில் இருந்தது. தேவசிகாமணி அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, கொஞ்சம் எழுந்திரிங்க. உங்களுக்காகத்தானே மேலே அத்தனையும் விட்டு வைத்திருக்கேன்!"

"எந்திரிக்கறதுக்கென்னங்க" என்றார் முனியப்பன், மிகுந்த மரியாதையோடு. "சோத்தாங்கைப் பக்கத்துல ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

மாரியப்பனும் அதையே சொன்னார். பாவாயி அதையே கொஞ்சம் உரக்கச் சொன்னாள். தேவசிகாமணி மறுப்பில்லாத மனிதர்களைத் தாண்டித் தாண்டி, வளைவு ஏறி, வண்டி நிறுத்தம் வந்து, மூச்சு வாங்க நூர் முகமதுவுக்கு முன்னால் நின்றார்.

"பாய், நீங்களாவது எழுந்திரிங்க. உங்களைக் கும்பிடறேன்."

"நான் எப்படிங்க எந்திரிக்கறது?" என்றார் நூர் முகமது. குரல் வழக்கமான உயரத்தில் இல்லை. "நான் கடைங்க. கடை எங்காச்சும் எந்திரிச்சு நடக்குமா?"

தேவசிகாமணி அவரைப் பார்த்தார். குழந்தைவேலைப் பார்த்தார். வரிசை முழுவதையும் தலையிலிருந்து வளைவு வரை பார்த்தார். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக நான் சொல்ல ஒன்று உண்டென்றால் அது இதுதான்: அவருக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையிலிருந்து வரைபடத்தை எடுத்துச் செம்மண்ணிலேயே விரித்தார். பேனாவால் 'கடை'யை அடித்தார். மேலே பச்சைக்குள், பழைய இடத்தில், புள்ளியைத் திரும்ப வைத்தார்.

"என்ன எழுதட்டும்?"

நூர் முகமதுவுக்குச் சொல்லத் தெரியவில்லை. உப்புக்காரர் என்றால் மறுபடி வியாபாரம். முதல் இலை என்றால் பெருமை பேசுவது போலாகும், அதுவும் அவரே சொன்னால் நன்றாயிருக்காது. எல்லாரும் யோசித்தோம். ஜீப் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆளுன்னு எழுதுங்க" என்றார் குழந்தைவேல்.

"ஆளா? வெறும் ஆள்னா… இங்கே ஒரு விவரம் வேணுமே."

"விவரம் என்னங்க விவரம்? எனக்குச் சோத்தாங்கைப் பக்கத்து ஆளு."

'ஆள்' என்று எழுதினார் தேவசிகாமணி. நூர் முகமது தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மூட்டையைத் தூக்கப் போனார். குழந்தைவேல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக மேட்டுக்கு ஏறினார்கள். அவர்கள் எழுந்ததும் பக்கத்து ஆள் எழுந்தார், அவருக்குப் பக்கத்து ஆள் எழுந்தார், வளைவு வரை ஒவ்வொருவராக எழுந்து பின்பக்கத்துச் செம்மண்ணைத் தட்டிக்கொண்டே ஏறினார்கள். நான் மாலையோடு நின்றிருந்தேன். யாருக்காக நிற்கிறோம் என்று மறந்துபோய் நானும் ஏறினேன்.

மேலதிகாரி ஜீப்பை விட்டு இறங்கி நடந்தே வந்து சேர்ந்தார். நல்ல பசி. புல்லில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் பார்த்துவிட்டு, "நாங்க எங்கே உட்காரட்டும்?" என்றார். தேவசிகாமணி கலங்கினார். இவ்வளவு பெரிய பச்சையில் வெளியாளுக்கென்று ஓர் இடம் வைக்க மறந்துவிட்டார்.

"இதென்ன பெரிய கேள்வி?" என்றாள் பாவாயி. "கடேசி ஆளுக்கு நொட்டாங்கைப் பக்கம் எப்பவும் காலிதானுங்களே. உக்காருங்க."

அந்த வருஷம் கடைசி ஆள் கொட்டச்சேட்டு அண்ணாதுரை. அவருக்கு அடுத்து நான் உட்கார்ந்தேன், இத்தனை காலம் பந்தி முடிந்த பிறகு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். எனக்கு அடுத்து தேவசிகாமணி. அவருக்கு அடுத்து மேலதிகாரி, மாலையை நான் அங்கே வைத்துத்தான் போட்டேன். நூர் முகமது உப்போடு ஒவ்வோர் இலையாக வந்தார். என் இலைக்கு வந்ததும் நின்றார். பேச்சுவார்த்தை இல்லையே, போடுவாரா மாட்டாரா என்று பார்த்தேன். மற்றவர்களுக்குப் போட்டதை விட இரண்டு மடங்கு போட்டுவிட்டுப் போனார். குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் அதுதான் சமாதானம் என்று எனக்குத் தெரியும், ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

பாவாயி சொன்னதையும் திட்டத்தில் கடைசி வரியாகச் சேர்த்துக்கொண்டார் தேவசிகாமணி. ரோடு கீழேயே நிற்கும். மேட்டுக்கு யார் வேண்டுமானாலும் எந்த நாளும் நடந்து வரலாம். பந்தி நாளில் வருகிற வெளியூர்க்காரர்கள் கடைசி ஆளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து சாப்பிடலாம். இன்றைக்கு வரை அதுதான் நடைமுறை. வருஷா வருஷம் வரிசை நீண்டுகொண்டே போகிறது, பாவாயியும் திட்டிக்கொண்டே ஓர் அண்டாவைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். தேவசிகாமணிக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. ஆனாலும் தை பிறந்ததும் நூர் முகமதுவின் கடை விலாசத்துக்கு ஒரு பார்சல் வரும். உள்ளே ஒரு துண்டு இருக்கும், துவைத்து மடித்து. எனக்கு நொட்டாங்கைப் பக்கம் அதை விரித்துச் சோறு போடுகிறோம். அதற்கும் ஜலதோஷம் பிடித்துவிடும் என்பாள் பாவாயி.

வண்டி நிறுத்தத்தில் அந்த வரைபடத்தைப் பெரிய தகரப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள். பெயிண்டர் காகிதத்தில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டார். பச்சைக்கு நடுவில் ஒரு புள்ளி, பக்கத்தில் 'ஆள்'. ஞாயிற்றுக்கிழமைகளில் நூர் முகமது கடையைப் பரிதாவிடம் விட்டுவிட்டு, கரடியூர் பஸ் ஏறி, அங்கே வந்து நிற்கிறார். வெள்ளை வேட்டி, தொப்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. இத்தனை வயதுக்கு மேல் அது அவருக்குத் தேவையா என்று பரிதா என்னிடம் கேட்டார். தேவைதான் என்றேன்.

போன வாரம் நானும் கூட இருந்தேன். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவரிடம், "இங்க சோடாக் கடை ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டது. "கடையெல்லாம் ஏற்காட்டுலதானுங்க" என்று வெடுக்கென்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் பலகையைப் படித்தார்கள். ரோடு, பாதை, மேடு என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்த அந்த அம்மாள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இதென்னங்க, நடுவுல 'ஆள்'னு மட்டும் போட்டிருக்குது? யாருங்க அது?"

நூர் முகமது உடனே பதில் சொல்லிவிடவில்லை. கொஞ்சம் காத்திருந்தார், அதைக் குழந்தைவேலிடம்தான் கற்றிருக்க வேண்டும். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"நாந்தானுங்க" என்றார்.